கோவளத்தில் கடலில் இறங்கிய அக்காவுக்கு

அக்கா,

நேற்று மாலை என் மூத்த மகன் பள்ளிச் சுற்றுலா முடிந்து வீடு வந்து சேர்ந்தான். கன்னியாகுமரி, பத்மநாபபுரம், கோவளம் என்று அந்தக் காலத்தில் நாம் போன அதே வழி. வந்ததும் பையைக் கவிழ்த்துப் பட்டாசாலைத் தரையில் கொட்டினான். சோழி, சங்கு, தங்கைக்கு ஒரு பாசிமணி மாலை, எல்லாவற்றுக்கும் அடியில் பாலிதீன் உறையில் சுருட்டி வைத்த ஈரக் கால்சட்டை. உறையைப் பிரித்த உடனே அந்த வாடை வந்தது. உப்பும் பாசியும் புழுங்கிய துணியுமாக, சுற்றிலும் மலை நிற்கும் நம் ஊர்களில் எங்கேயும் கிடைக்காத வாடை. சரோஜா கால்சட்டையை எடுத்து உதறினாள். மணல் சிந்தியது. நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை வாளியில் ஊறப்போடக் கொண்டுபோனாள். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. நீங்கள் இருந்த நாளெல்லாம் உங்களைத் தூரத்தில் பார்த்தாலே தெருவின் மறுபக்கத்துக்கு மாறி நடந்தவன் நான். இப்போது உட்கார்ந்து உங்களுக்கு மடல் எழுதுகிறேன். இதற்கே வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. பங்குனியில் எனக்குக் கல்யாணம். வீரபாண்டித் திருவிழா முடிந்த கையோடு வைகாசியில் சுற்றுலா கிளம்பியது. ஏலக்காய் கமிஷன் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் தேனி பஜாரில் ஆள் சேர்த்து வருஷம் ஒரு முறை பஸ் விடுவார். அதுவரை பழனி, ராமேஸ்வரம் என்று கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தவர், அந்த வருஷம் கடற்கரைப் பக்கமாகச் சுற்றிக் காட்டுகிறேன் என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் கடலைக் கண்ணால் பார்த்திராதவர்கள். கூரைமேல் அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை. பின்னால் ஒரு சமையல்காரர். நடுவில் கூச்சம் தெளியாத புது மாப்பிள்ளையாக நான். ஜவுளிக்கடைக்காரர் மகன் என்பதால் புது மடிப்பு வேட்டி. பக்கத்தில் சரோஜா.

நீங்கள் எங்களுக்கு முன் சீட்டில் இருந்தீர்கள். சன்னல் ஓரம் உங்கள் மாமியார், நடுவில் நீங்கள், இந்தப் பக்கம் உங்கள் வீட்டுக்கார அண்ணன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, பஞ்சு அரைவை மில் கணக்கர் வீட்டு மருமகள் என்ற அளவில்தான் எனக்கு உங்களைத் தெரியும். மூன்று வயது மகளை லோயர் கேம்பில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சரோஜாவிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் அப்பா அங்கே பவர் ஹவுஸில் வேலை பார்த்தவர். வாய்க்காலில் வரும் பெரியாற்றுத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர் நீங்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நீங்கள் அதிகம் பேசவில்லை. மாமியார் பேசிக்கொண்டே வந்தார்.

கன்னியாகுமரியில் விடியற்காலை எல்லாரையும் எழுப்பி மணலில் நிறுத்தினார்கள். கிழக்கே மேகம். சூரியன் எப்போது வந்தது என்றே தெரியாமல் வெளிச்சமாகிவிட்டது. கொடுத்த காசுக்குச் சூரியனைக் காட்டவில்லை என்று ஒருவர் பெரியவரிடம் சண்டைக்குப் போனார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிப்பையும் கவனிக்கவில்லை, சூரியனையும் தேடவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். சாப்பாட்டைப் பார்ப்பதுபோல் ஒருவர் கடலைப் பார்ப்பதை நான் அன்றுதான் கண்டேன்.

பிறகு தீர்த்தக் கட்டத்தில் குளியல். பெண்களுக்குத் தனிப் பக்கம். கட்டியிருந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போது கண்ணை மூடி, மூன்று முழுக்கு. அவ்வளவுதான். நீங்கள் சங்கிலியை விட்டுவிட்டு இன்னும் ஒரு படி இறங்கப் போனதாகவும், உங்கள் மாமியார் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டதாகவும் சரோஜா வந்து சொன்னாள். பாறை மண்டபத்துக்குப் படகில் போனபோது பாதிப் பேர் கண்ணை இறுக்கிக்கொண்டார்கள். நம் சமையல்காரர் வாந்தி எடுத்தார். நீங்கள் பக்கவாட்டில் குனிந்து கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வந்தீர்கள். படகுக்காரர் அதட்டியதும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

அந்தப் படகில்தான் நான் வாயை விட்டேன். சரோஜா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடிக்க ஆள் இருக்கிறது என்றதும் எனக்குத் திமிர் வந்துவிட்டது. சுருளியாற்றில் வெள்ளம் போகும்போது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்தியவன் நான் என்றேன். கடல் என்ன, அதுவும் தண்ணீர்தானே என்றேன். முன்னால் இருந்த நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். உண்மையில் நான் நீந்தியது எங்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு, படிக்குப் பக்கத்திலேயே.

கலர் மணல் பொட்டலம் வாங்கினோம். சங்கில் ஊர்ப் பெயர் எழுதி வாங்கினோம். சுசீந்திரத்தில் தூணைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டோம். பத்மநாபபுரம் அரண்மனையில் கண்ணாடி மாதிரித் தரை. அதில் வழுக்கி விழுந்த ஒரு செட்டியாரைத் தூக்கிவிட்டோம். அடுத்த நாள் மதியத்துக்கு முன்னால் கோவளம்.

அந்த வெயிலை மறக்க முடியவில்லை. நம் ஊர் வெயில் மலையில் பட்டு இறங்கி வரும். அங்கே கீழிருந்தும் அடித்தது. பிறை போல வளைந்த கரை. கோடியில் பாறை மேல் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம். ஒரு பக்கம் மீனவர்கள் கரைவலையை வரிசையாக நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் வெள்ளைக்காரர்கள் துண்டு விரித்து வெயிலில் படுத்துக் கிடந்தார்கள். ஆணும் பெண்ணும் ஒன்றாக, கையகலத் துணியோடு. நம் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆண்கள் கடலைப் பார்ப்பதுபோல அவர்களையே பார்த்தோம். பெரியவர் எல்லாரையும் நிறுத்திச் சொன்னார். ஒரு மணி நேரம்தான். ஆம்பளைகள் முழங்கால் வரை போகலாம், அதற்குமேல் யாரும் போகக் கூடாது, வைகாசிக் கடல் இழுக்கும்.

நான் முழங்காலைத் தாண்டினேன். சரோஜா கரையில் நின்று பார்க்கிறாள் என்ற ஒரே நினைப்புதான். இடுப்பளவு வந்ததும் திரும்பி அவளுக்குக் கை காட்டினேன். முதுகில் ஓர் அலை அடித்தது. விழுந்து எழுவதற்குள் காலடி மணல் நகர்ந்தது. வேட்டி உருவிக்கொண்டு போனது. காலைக் கீழே விட்டேன். தரை இல்லை.

கத்தினேன் என்று சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு முறை மேலே வந்தபோது கரை தெரிந்தது. நம் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். யாரும் அசையவில்லை. மறுமுறை வந்தபோது நீங்கள் சேலையை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். அது மட்டும் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. பதற்றமே இல்லாமல், வீட்டில் குளிக்கப் போகிறவரைப் போல, கொசுவத்தை உருவி, சேலையைச் சுருட்டி மணலில் போட்டுவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தீர்கள்.

நான் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். என் முகத்தில் ஓங்கி ஓர் அறை விட்டீர்கள்.

"ஏலே, என்னையப் பிடிக்காத. மல்லாக்கப் படு. படுறா."

படுத்தேன். மோவாய்க்கு அடியில் உங்கள் கை இருந்தது. கரையைப் பார்த்து நேராகப் போகாமல் பக்கவாட்டிலேயே வெகுதூரம் இழுத்துக்கொண்டு போனீர்கள். என்னை எங்கேயோ கொண்டுபோகிறீர்கள் என்று அழுதேன். பிறகு ஓர் அலை நம் இரண்டு பேரையும் தூக்கி, வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களின் பக்கத்தில் போட்டது.

வலைக்காரர்களில் வயதான ஒருவர் உங்களைப் பார்த்து, "கொள்ளாம் மோளே, கொள்ளாம்" என்று பாராட்டினார். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டே மலையாளத்தில் ஏதோ பதில் சொல்லிச் சிரித்தீர்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கை தட்டினாள். அதற்குள் நம் ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். நான் டிராயரோடு மணலில் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். அவர்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் உங்கள் சிரிப்பு நின்றது.

பஸ்ஸில் பெரியவர்கள் இருக்கிறார்கள், மாமனார் முறை ஆட்கள் இருக்கிறார்கள், இத்தனை பேருக்கு முன்னால் என்று யாரோ ஆரம்பித்தார்கள். அண்ணன் உங்கள் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். சரோஜாதான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி உங்கள் மேல் சுற்றினாள். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத பெண். தன் புருஷன் பிழைத்தானா என்று பார்ப்பதற்கு முன்னால் உங்களிடம் ஓடினாள். அது எப்படி அவளுக்குத் தோன்றியது என்று நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன்.

பஸ் ஊருக்குத் திரும்பியது. கோட்டயம் வழியாக வந்து, குமுளி மலை இறங்கும்போது உங்கள் மாமியார் சன்னலைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாத மாதிரிச் சொன்னார்: "இனி நான் பஜார்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பேன்." நான் எழுந்து நின்று, இவுக இல்லன்னா இந்நேரம் நான் இல்ல என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். உங்கள் தோள் இறுகுவது எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டேன். லோயர் கேம்ப் வந்தது. மலைமேலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாய்கள் வெயிலில் மின்னின. நீங்கள் பிறந்து வளர்ந்த இடம். நீங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். நன்றி சொல்ல வேண்டும் என்று அம்மா சொன்னார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் தட்டில் வைத்து, எங்கள் கடையிலேயே நல்லதாக ஒரு பட்டுச் சேலையை நானே எடுத்துவைத்தேன். அரக்குச் சிவப்பு. ஜவுளிக்கடைக்காரனுக்குச் சேலையை விட்டால் வேறு என்ன தோன்றும். அந்த நேரத்தில் உங்களுக்குச் சேலை கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் வரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. சரோஜாவுக்கு உறைத்தது. வேண்டாம், பழம் மட்டும் போதும் என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

உங்கள் மாமியார் தட்டை வாங்கிக்கொண்டார். சேலையை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்.

"சேல எங்க வீட்லயும் நெறைய இருக்கு தம்பி. கட்டத்தான் தெரியல."

நீங்கள் அடுப்படி நிலையில் நின்றிருந்தீர்கள். தலை நிமிரவில்லை. சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோவளத்தில் அவிழ்த்த சேலைக்குக் கடைக்காரன் பதில் சேலை கொடுத்தான் என்று ஒரு பேச்சு. கடைக்கு வருகிறவர்கள் சிவப்புச் சேலையை எடுத்து வைத்துக்கொண்டு, இதைக் கட்டினால் நீச்சல் வருமா என்று என்னிடமே கேட்டார்கள். நான் துணியை மடித்தேன். அவர்கள் என்னைக் கேலி செய்ததாகத்தான் நான் அப்போது நினைத்தேன். பொம்பிளை இழுத்துப் போட்டுப் பிழைத்தவன் என்ற பெயர் எனக்கு வந்துவிட்டதாக நினைத்தேன். அந்தச் சிரிப்பு உங்கள் வீட்டுக்குள் போய் உங்களை என்ன செய்யும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு உங்களை ஆற்றுக்கு விடவில்லை என்று சரோஜா சொன்னாள். ஆடிப்பெருக்குக்கு எல்லாரும் முல்லையாற்றுக்குப் போனாலும் நீங்கள் வீட்டில். அம்மா வீட்டுக்குப் போனால் கூடவே ஓர் ஆள். சரோஜா மட்டும் உங்கள் வீட்டுக்குப் போவதை நிறுத்தவே இல்லை. உங்கள் மாமியார் முகம் கொடுக்காவிட்டாலும் போவாள். நான் தெருவில் உங்களைக் கண்டு ஒதுங்குவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள்: "நீங்க வெக்கப்படுறதுக்கு அவுக என்ன செய்வாக?" உங்களைப் பார்த்தாலே என் மோவாய்க்கு அடியில் ஒரு கை இருப்பதுபோல இருக்கும். டிராயரோடு கிடந்தது, அழுதது, அறை வாங்கியது எல்லாம் உங்கள் கண்ணில் இருப்பதுபோல இருக்கும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

வருஷங்கள் ஓடின. அப்பா போனார். கடை என் கைக்கு வந்தது. பழனிசெட்டிபட்டியில் வீடு கட்டிக் குடிபோனோம். உங்கள் மாமியாரும் காலமானார். துக்கம் கேட்க வந்தபோது உங்களுக்கு எதிரே உட்கார்ந்து, தரையைப் பார்த்துவிட்டு எழுந்து போனேன்.

போன வருஷத்துக்கு முந்தைய மார்கழியில், கூட்டம் இல்லாத மதிய நேரத்தில், அண்ணன் கடைக்கு வந்தார். எங்கள் கடைப் படியை அவர் மிதித்ததே இல்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மதுரையில் காட்டியதாகவும், வயிற்றில் கட்டி என்று சொன்னதாகவும், தை கழிந்ததும் ஆப்பரேஷன் என்றும் சொன்னார். பிறகு நிறுத்தி, துணி அடுக்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவ கடலுக்குப் போகணுங்கிறா. பாக்க இல்ல தம்பி, எறங்கணுமாம். கல்யாணமான நாள்ல இருந்து எங்கிட்ட அவ ஒண்ணுமே கேட்டதில்ல."

கார் ஏற்பாடு செய்து தருகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"கார் நான் பாத்துக்கிறேன். நீங்களும் வாங்க. அங்கன தனியா நின்னு பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

பொங்கல் வியாபாரம், சரக்கெடுப்பு என்று நான் இழுத்தேன். வீட்டில் சொன்னபோது சரோஜா என்னைக் கேட்கவே இல்லை. என்றைக்குப் புறப்பாடு என்று மட்டும் கேட்டாள்.

தை மாதம் நான்கு பேரும் போனோம். உங்கள் மகள் மதுரையில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். அவளுக்குப் பரீட்சை, எதையும் சொல்ல வேண்டாம் என்றுவிட்டீர்கள். கோவளம் மாறியிருந்தது. கரை முழுக்க ஓட்டல், வண்ணக் குடை, சாய்வு நாற்காலி, எண்ணெய் தேய்த்து விடுகிறோம் என்ற போர்டு. கட்டுமரத்தில் ஏற்றிக் கொஞ்ச தூரம் கூட்டிப்போய்க் காட்டுவதற்குக் கூலி பேசிக்கொண்டிருந்தார்கள். பம்பாய், டெல்லிப் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளை குட்டியோடு அலையில் குதித்துக்கொண்டிருந்தன. தை மாதக் கடல் சாதுவாகத்தான் இருந்தது.

நீங்கள் இளைத்திருந்தீர்கள். பாவாடைக்கு மேல் அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சேலையை மடித்துச் சரோஜாவிடம் கொடுத்தீர்கள். அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் சேலையைத் தூக்கிச் செருகி, முழங்காலளவுத் தண்ணீர் வரை உங்களோடு வந்தாள். அங்கிருந்து நீங்கள் தனியாகப் போனீர்கள். ஓர் அலைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்ததைப் பார்த்தோம். பிறகு கைகள் மாறி மாறி விழுவது மட்டும் தெரிந்தது. அவசரமே இல்லை.

அண்ணனும் நானும் ஒரு தென்னை நிழலில் நின்றோம். மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர், கையில் காமிராவோடு பக்கத்தில் வந்து நின்று, அந்தம்மா யாரு, சட்டையோட எறங்கிட்டாக, உங்க ஆளா என்று கேட்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பழக்கம். அண்ணன் திரும்பவில்லை. "என் சம்சாரம்" என்றார். "நல்லா நீந்துவா." அவர் குரல் நடுங்கியது. ஆனாலும் உரக்கத்தான் சொன்னார்.

நீங்கள் வெளியே வந்ததும் அண்ணனும் சரோஜாவும் காபி வாங்கி வரப் போனார்கள். நீங்கள் மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தீர்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நாம் இரண்டு பேர் மட்டும். நீங்கள்தான் பேசினீர்கள்.

"தம்பி, என்னையக் கண்டா நீங்க அந்தப் பக்கமாப் போயிருவீக. எனக்குத் தெரியும். உங்களுக்கு நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் உங்களுக்காக மட்டும் எறங்கல."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கன்னியாகுமரியில இருந்தே எனக்குக் கை காலெல்லாம் பரபரன்னு இருந்துச்சு. எப்பிடியாச்சும் ஒரு தடவ உள்ள போயிரணும். யாரு விடுவாக? நீங்க கத்துனீக. எனக்கு அது ஒரு சாக்காப் போச்சு. நீங்க செத்துருவீகளோன்னு பயந்ததுகூட பெறகுதான். முதல்ல சந்தோசமா இருந்துச்சு தம்பி. இத்தன வருசமா நீங்க கடன்பட்ட ஆளாட்டம் ஒதுங்கி ஒதுங்கிப் போகும்போது எனக்குத்தான் உறுத்தும்."

என் பதினைந்து வருஷ வெட்கம் முழுக்க என்னைப் பற்றியது மட்டும் என்று அப்போதுதான் விளங்கியது. நான் தண்ணீருக்குள் போனதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்கப்பட்டதைப் பற்றி ஒருநாளும் நினைக்கவில்லை. ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். காபி வந்துவிட்டது.

ஆப்பரேஷனுக்குப் பிறகு தேறி வருகிறீர்கள் என்றுதான் சரோஜா சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். உங்களை எடுத்த அன்று வாசலில் பந்தலுக்குக் கீழே உங்கள் மகள் சரோஜாவின் தோளில் சாய்ந்திருந்தாள். என்னை அவளுக்கு ஜவுளிக்கடைக்காரராகத்தான் தெரியும். உங்கள் உறவுக்காரர் ஒருவர், கம்பத்திலிருந்து வந்தவர், வந்தவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டே என்னிடம் வந்து, நீங்க அவுகளுக்கு என்ன வேணும் என்று கேட்டார். தெரிந்தவர் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவளத்துல கடல்ல முங்கப் போனேன். இவுகதான் நீந்தி வந்து என்னையக் கரையில போட்டாக" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்கு அந்தக் கதையே தெரியவில்லை. தெரிந்தவர்கள் வயதாகித் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். உங்கள் மகள் எழுந்து என் பக்கத்தில் வந்தாள்.

"எங்கம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மகளை உங்கள் அம்மா வீட்டு வாய்க்கால் பக்கம்கூட விட்டதில்லை என்று சரோஜா சொன்னது எனக்கு அப்போது நினைவு வந்தது. ஒரே வீட்டில் பதினெட்டு வருஷம் இருந்த பிள்ளைக்கு அது தெரியாமல் போகும் அளவுக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து உங்களைக் கரையில் வைத்திருந்தோம். அவளை ஓரமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். டிராயரைச் சொன்னேன், அறையைச் சொன்னேன், அழுததைச் சொன்னேன், பட்டுச் சேலையைச் சொன்னேன். அந்தத் தை மாதத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள், அறை என்றதும் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். உங்கள் சிரிப்புதான் அக்கா. கோவளத்தில் பாதியில் நின்றதே, அது.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சரோஜாவிடமும் சொன்னதில்லை. நேற்று மாடியில் உட்கார்ந்திருந்தபோது, இதைச் சொல்வதற்கு உங்களைத் தவிர ஆள் இல்லை என்று தோன்றியது.

இரண்டாம் முறை, அந்தத் தை மாதத்தில், நீங்கள் நீந்திப் போனபோது, நடுவில் கொஞ்ச நேரம் உங்கள் தலை தெரியவில்லை. ஓர் அலை எழுந்து மறைத்தது. அது இறங்கிய பிறகும் காணவில்லை. அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். சரோஜா இடுப்பளவுக்கு இறங்கிவிட்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் வந்து போய்விட்டது. என்னை அந்தக் கோலத்தில் கிட்டத்தில் பார்த்த கண் இனி இல்லை என்று ஒரு நிம்மதி. என் உயிரை இழுத்துக் கரையில் போட்டவர் காணாமல் போகும்போது எனக்கு வந்தது அது. அடுத்த நொடி நீங்கள் வெகுதூரம் தள்ளி எழுந்து, தலையைச் சிலுப்பி, ஒரு கையைத் தூக்கி ஆட்டினீர்கள். அண்ணன் அழுதுவிட்டார். நானும் கையை ஆட்டினேன்.

நீங்கள் மணலில் உட்கார்ந்து மனதில் இருந்ததைத் திறந்து சொன்னீர்களே, அப்போது என்னிடமும் இது இருந்தது. நீங்கள் உங்களுடையதைக் கொடுத்தீர்கள். நான் என்னுடையதை வைத்துக்கொண்டேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எழுதியதால் அது குறையும் என்று தோன்றவில்லை.

காபியைக் குடித்து முடித்துக் கிளம்பும் முன் நீங்கள் சட்டைக் கையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "தண்ணி நல்லாருக்கு தம்பி. காலையாச்சும் நனைச்சிட்டு வாங்க." சரோஜா காத்திருந்தாள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் இறங்கிப் போனார். நீங்கள் கையை நீட்டவில்லை, வற்புறுத்தவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றீர்கள்.

நான் செருப்பைக் கழற்றவில்லை.